ராம்ப் கூடினா ஊரு வளர்ந்துடுச்சாம்!

செம்பனைச்சாமி: சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா ஊர்க் குழுவுல ஒரு பதிவு சுத்துது. "மொத்த வியாபாரத்துல வேலை செய்றவங்க கூடினா வட்டாரப் பொருளாதாரம் ஏறுதுன்னு அர்த்தம். செம்பனைக் குலை வாங்குற மேடை, அதான் ராம்ப், பெருகுது, ஆகவே நம்ம ஊரு ஏறுமுகம்." படிச்சதும் எரிச்சல்தான் வந்துச்சு. ராம்ப்புல செய்றது தோட்ட வேலை. அதுல வியாபாரம் எங்கேருந்து வந்துச்சு?

கிராணி46: ராம்ப் எந்த மரத்துல ஏறிக் குலை வெட்டுது? சின்னத் தோட்டக்காரங்ககிட்ட வாங்குது, மில்லுக்கு விக்குது. ராம்ப் முதலாளி தவுக்கேக்கு எம்பிஓபி, அதான் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், குடுக்குறதே பழ வியாபாரி லைசென்ஸ். தொழில்களை வகை பிரிக்கிற அரசாங்கப் பட்டியல் எம்எஸ்ஐசி 2008ல மொத்த வியாபாரம் பிரிவு 46. என் பேருக்குப் பின்னால சும்மா ஒட்டல அந்த நம்பர்.

செம்பனைச்சாமி: நம்பரைத் தூக்கிட்டு வராதீங்க. கம்பியால குத்தி லோரியில ஏத்துறவன் தோட்டத்துலயும் அதையேதான் செய்றான். தோட்ட வேலை.

கிராணி46: ராம்ப்புல என்ன நடக்குதுன்னு பாருங்க. லோரி பாரத்தோட எடை மேடை ஏறும். கொட்டிட்டு வெறுமனே மறுபடி ஏறும். கழிச்சா குலை எடை. அதுல பச்சைக் குலைக்கும் நீளக் காம்புக்கும் எடை வெட்டு. விலை எண்ணெய்ச் சத்துக் கணக்கு: 1 விழுக்காட்டுக்கு 45 ரிங்கிட்னு வெச்சுக்குங்க. குலைக்கு 19 விழுக்காடு போட்டா டன்னுக்கு 855 ரிங்கிட், 20 போட்டா 900. தோட்டக்காரங்களுக்குப் போடுறதுக்கும் மில்லுல கிடைக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற இந்த இடைவெளியிலதான் தவுக்கே பிழைக்கிறதே. இதுல விவசாயம் எங்க இருக்கு, சாமி?

பசார்போரோங்: அப்படிச் சொல்லுங்க அண்ணே! அப்ப அந்தப் பதிவு சரிதானே?

கிராணி46: அவசரப்படாதீங்க தம்பி. ராம்ப் வியாபாரம்தான். ஆனா அங்க தலையை எண்ணி ஊரை அளக்க முடியாது. எடைக்கு ஒரு கிராணி, தரம் பார்க்க ஒருத்தர், ஏத்த ரெண்டு பேரு. பிப்ரவரி மந்தத்துலயும் நாலு பேருதான், செப்டம்பர் அக்டோபர் உச்சத்துலயும் நாலு பேருதான். ஏத்துறவங்களுக்கு டன் கணக்குல கூலி. குலை பாதியானா அவங்க கூலியும் பாதி, தலைக்கணக்கு அசையாது. புள்ளிவிவரத் துறையோட ஆய்வுல வாரத்துக்கு ஒரு மணி நேரம் வேலை செஞ்சாலே அவர் வேலையில இருக்கிறவர். அப்புறம் ராம்ப் பெருகுதுங்கிறீங்களே, மரம் பெருகுச்சா? மறுநடவு போட்ட செம்பனை காய்க்கவே ஏறக்குறைய 3 வருஷம். இருக்கிற குலையை அஞ்சு ராம்ப் பங்கு போடுது, அவ்வளவுதான்.

பசார்போரோங்: ஒரு ராம்ப்பை வெச்சு எல்லாத்தையும் கவுக்காதீங்க. கேமரன் மலைக் காய்கறி கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தைக்கு இறங்கி, அங்கேருந்து நம்ம கடைக்கு வருது. நடுவுல எத்தனை பேருக்குச் சோறு!

கிராணி46: சோறு அவங்களுக்கு. கடை வாரியா எண்ணினா அந்த வேலை கோலாலம்பூர் கணக்கு. வீடு வாரியா எண்ணினா, பத்துமலைப் பக்கம் குடியிருக்கிற மூட்டைக்காரர் சிலாங்கூர் கணக்கு. தக்காளி தின்னது நம்ம ஊரு. எந்த வட்டாரத்தை அளக்கப் போறீங்க?

செம்பனைச்சாமி: தக்காளி எதுக்கு இப்ப? ராம்ப் தோட்ட வேலை.

மஞ்சள்_டிப்பர்: முதல்ல ஊர் பேரைச் சரியா எழுதுங்க. பெஸ்தாரி ஜெயாங்கிறது புதுப் பேரு, எங்களுக்கு அது பழைய பத்தாங் பெர்ஜுந்தைதான். அப்படியே, லோரி டிரைவரை எதுல சேர்ப்பீங்க?

கிராணி46: ராம்ப்போட சொந்த லோரின்னா 46. வாடகை லோரின்னா போக்குவரத்து. தவுக்கே லோரியை வித்துட்டு வாடகைக்கு எடுத்தா மொத்த வியாபாரத்துல ஆள் குறைஞ்சதா கணக்கு காட்டும். அதே டிரைவர் அதே மில்லுக்குத்தான் ஓட்டிட்டிருப்பார்.

பசார்போரோங்: உரமூட்டை விவாதத்துலயும் இப்படித்தான் கடைசி வார்த்தை உங்களுதா இருக்கணும்னு நின்னீங்க. கிராணி புத்தி.

கிராணி46: அதுல யாரு பாதியில ஓடினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

செம்பனைச்சாமி: ரெண்டு பேரும் ராம்ப்பை விட்டு ஓடுறீங்க. தோட்ட. வேலை.

மஞ்சள்_டிப்பர்: அது கெடக்கட்டும். 20 போடுற ராம்ப் எங்க இருக்கு? எங்க பக்கம் 18க்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க.

கிராணி46: எடை ஏறத் தண்ணி தெளிச்ச குலைக்கு 18ஏ அதிகம்.

மஞ்சள்_டிப்பர்: யாரைச் சொல்றீங்க?