கேப் வெடிக்குது, உள்ள மருந்து பிடிக்க மாட்டேங்குது, அவசரம்

ஈரக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். வாய்வழியா மருந்து போடுற பழைய மாடல் ரைபிள், நல்லாத்தான் அடிச்சுட்டு இருந்துச்சு, கொஞ்ச காலமா எடுக்காம வெச்சிருந்தேன், இப்ப எடுத்தா மருந்துக்கு நெருப்பு தர்ற சின்ன கேப் மட்டும் டப்புனு வெடிக்குது குண்டு போகவே இல்ல. கேப் மாத்தி மாத்திப் போட்டாச்சு. கேப் மாட்டுற நிப்பிள் மாத்தணுமா வேற ஏதாவதா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

கரிப்புகை:
ப்ரோ மத்தது எல்லாம் அப்புறம், இப்ப குழலுக்குள்ள லோடு, அதாவது மருந்தும் குண்டும், இருக்கா இல்லையா? கேப் வெடிச்சு மருந்து பிடிக்கலன்னா உள்ள கனன்னுட்டு இருந்து தாமதமா வெடிக்கலாம், குறைஞ்சது ஒரு முழு நிமிஷம் ஆள் இல்லாத பக்கமா பிடிச்சே நிக்கணும், உடனே குழலுக்குள்ள எட்டிப் பார்க்கிற வேலையே வேண்டாம். காலியா இல்லையான்னு சந்தேகம்னா நிப்பிள்ல கேப் இல்லாம மருந்து இடிக்கிற கெஜக்கோலை உள்ள விட்டு வாய்கிட்ட பென்சில் கோடு போடுங்க, முகமும் உள்ளங்கையும் குழல் வாய்க்கு நேரா வரக்கூடாது. கோலை எடுத்து குழலுக்கு வெளிய பக்கத்துல வெச்சா நுனி நிப்பிள்கிட்ட வரைக்கும் வரணும். அதுக்கு முன்னாடியே நின்னுட்டா உள்ள ஏதோ இருக்கு.

தச்சுவேலை:
என்ன மருந்து போடுறீங்க, அசல் கரிமருந்தா மாற்று மருந்தா? கேப் 10 நம்பரா 11 நம்பரா? கடைசியா எதால சுத்தம் பண்ணீங்க, எப்படி வெச்சிருந்தீங்க? இது எதுவுமே சொல்லாம நிப்பிள் மாத்தணுமான்னு கேட்டா யாரு என்ன சொல்றது.

வில்லு:
கண்டிப்பா ஸ்பிரிங் தான். பழைய பூட்டுல வில்லு தளர்ந்துடும், கேப்பை அடிக்கிற குதிரை மெதுவா விழும், அடி பத்தாது. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு துப்பாக்கில இதே கதை. வில்லை மாத்துங்க சரியாயிடும்.

பழைய பூட்டு:
கேப் வெடிக்குதுன்னு முதல் வரிலயே எழுதியிருக்கார். கேப் வெடிச்சிருச்சுன்னா குதிரை தன் வேலையை முடிச்சாச்சு, வில்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இதை எல்லாம் பலமுறை விளக்கமா எழுதியாச்சு, ஒரு நிமிஷம் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்ல. நெருப்பு நிப்பிள் ஓட்டைல இறங்கி, சின்ன வழியில திரும்பி, மருந்துக்குப் போகணும். அந்த வழி அடைச்சிருக்கு. அடிப்படை புரியாம நிப்பிள் மாத்துறேன் வில்லு மாத்துறேன்னு கிளம்பினா நல்ல துப்பாக்கியைத்தான் கெடுப்பீங்க.

தச்சுவேலை:
அண்ணே விஷயம் சரி, அதைக் கொஞ்சம் மரியாதையா சொன்னா கேக்கறவங்களும் கேப்பாங்க.

மலையேறி:
மாற்று மருந்தா இருந்தா அதுவே காரணமா இருக்கலாம். பைரோடெக்ஸ் மாதிரியானதுக்கு அசல் கரிமருந்தை விட அதிக சூடு வேணும், கேப் நெருப்பு அரைகுறையா போனா பிடிக்காது.

ஈரக்காத்து:
லோடு இருக்கு. கறுப்பு மருந்துதான், 11 கேப். துரு பிடிக்கக் கூடாதுன்னு மெஷின் ஆயில் நல்லா உள்ள விட்டு சுவத்துல சாய்ச்சு வெச்சிருந்தேன்.

கரிப்புகை:
வந்துருச்சு பதில். கட்டை கீழ, வாய் மேலன்னு சாய்ச்சு வெச்சா எண்ணெய் எல்லாம் வடிஞ்சு அடியில தங்கும். அது பழைய கரியோட சேர்ந்து தார் மாதிரி கெட்டியாகி நெருப்பு போற வழியை அடைச்சிடும், நீங்க போட்ட மருந்தையும் நனைச்சிருக்கும்.

பழைய பூட்டு:
இதை முதல்லயே எழுதியிருந்தா இவ்வளவு பேச்சே வேண்டாம். சரி கேளுங்க. நிப்பிளை அதுக்குன்னு இருக்கிற ஸ்பேனர்ல கழட்டுங்க, பிளையர் வேண்டாம், வரலைன்னா துருவிளக்கி எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்க. அந்த ஓட்டை வழியா சொட்டுமருந்து குழாயால தண்ணி விட்டு மருந்தை நல்லா ஊறவைங்க. மருந்து செத்த பிறகுதான் குண்டைத் திருகி இழுக்கணும், காஞ்ச மருந்து மேல இருக்கிற குண்டை இழுக்கிறது உயிரோட விளையாடுற வேலை. பக்கவாட்டுல சின்ன ஸ்க்ரூ இருந்தா அதையும் கழட்டி பித்தளைக் கம்பியால துழாவுங்க. குழலோட பின்பக்கத்தை மூடுற அடிப்பக்க பிளக்கை மட்டும் தொடாதீங்க, வீட்டுல கழட்டுற சாமான் இல்ல அது.

தச்சுவேலை:
இன்னொண்ணு, சில துப்பாக்கில அடியில மருந்து அறை குழலை விடக் குறுகலா இருக்கும். குழல் அளவு பிரஷ் அதுக்குள்ள போகவே போகாது, மேல பளபளன்னு இருக்கும் அடியில கரி அப்படியே கிடக்கும். அதுக்கு சின்ன அளவு பிரஷ் தனியா வேணும். புது நிப்பிள் வாங்கறதா இருந்தா த்ரெட் பாருங்க, 6 மி.மீ 0.75 த்ரெட்டும் கால் இன்ச் 28 த்ரெட்டும் கண்ணுக்கு ஒண்ணு மாதிரியே தெரியும், மாத்தி முறுக்கினா ஓட்டை போச்சு.

மலையேறி:
சுத்தம் பண்ண கொதிக்கிற தண்ணி ஊத்துங்க, அதுதான் பழைய முறை. இரும்பு சூடாகி தானா காஞ்சிடும்.

கரிப்புகை:
கொதிக்கிற தண்ணி வேண்டவே வேண்டாம் ப்ரோ. ஊத்தி எடுத்ததும் வெள்ளைத் துணி விட்டுப் பாருங்க, செம்மண் நிறத்துல வரும், அது கண்ணெதிர பிடிச்ச துரு. கரிமருந்து எரிஞ்சா எடைல பாதிக்கு மேல உப்பும் கசடுமா தங்குது, அந்த உப்பு வெதுவெதுப்புத் தண்ணிலயே கரைஞ்சிடும்.

மலையேறி:
பட்டாளத்துல எல்லாம் சுடுதண்ணிதான் ஊத்தினாங்க. அவங்களுக்குத் தெரியாததா?

கரிப்புகை:
ஊத்தினாங்க சரி, உடனே துடைச்சு எண்ணெய் போட்டாங்க, அதையும் சொல்லணும்ல.

வில்லு:
எண்ணெய்னதும் ஞாபகம் வருது, மெஷின் ஆயிலே கூடாது, கொழுப்பும் தேன்மெழுகும்தான் சரி.

மலையேறி:
1853 மாடல் என்பீல்டு தோட்டாவுக்கும் கொழுப்பும் தேன்மெழுகும்தானே. அந்தக் கொழுப்பு எதோடதுங்கற சந்தேகம்தான் 1857 சிப்பாய் கலகத்துல வந்து முடிஞ்சது.

வில்லு:
அது மட்டுமே காரணம்னு சொல்லாதீங்க, சம்பளம், நாடு பிடிக்கிறதுன்னு ஏகப்பட்டது இருந்துச்சு.

பழைய பூட்டு:
வரலாற்றுப் பாடத்தை வேற இடத்துல வெச்சுக்கங்க. பெட்ரோலிய எண்ணெய் வெக்கலாம், ஆனா மெல்லிசா, சுடறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு இல்லாம துடைச்சிடணும். வெக்கும்போது வாய் கீழ இருக்கட்டும். அடுத்த தடவை லோடு போடறதுக்கு முன்னாடி காலித் துப்பாக்கில ஒரு கேப் போட்டு, குழல் வாயைத் தரைல கிடக்கிற காஞ்ச இலைகிட்ட கொண்டுபோய் அடிங்க. இலை துள்ளினா வழி திறந்திருக்கு. துள்ளலைன்னா லோடு போடாதீங்க.

ஈரக்காத்து:
குண்டு வந்துடுச்சு. சைடு ஸ்க்ரூ கழட்டினதும் கறுப்பா களிம்பு மாதிரி சுருண்டு வந்துச்சு. தண்ணில கழுவி துடைச்சாச்சு. இலை நல்லா துள்ளுது, சுட்டும் பாத்தாச்சு, பிடிக்குது. எல்லாருக்கும் நன்றி.

தூரப்பார்வை:
இதே பிரச்சனை எனக்கும், ஆனா என்னோடது கல்லு பொறி வர்ற மாடல். தட்டுல வெக்கிற மருந்து புஸ்ஸுனு எரியுது, உள்ள போகல. என்ன செய்யலாம்?

கரிப்புகை:
பக்கவாட்டு ஓட்டை அடைச்சிருக்கா, தட்டுல மருந்தை அதிகமா குவிச்சு ஓட்டையையே மூடிடறீங்களா? இப்ப உள்ள லோடு இருக்கா? முதல்ல அதைச் சொல்லுங்க.