ஜெர்மனியில் முதல் செமஸ்டரிலேயே ஒரு பாடத்தில் ஃபெயில், இன்னும் இரண்டு வாய்ப்புதானா?

கேள்வி: புதுமாணவன்

வணக்கம். அக்டோபரில் இங்கே மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். ஊரில் இன்டர்னல், அசைன்மென்ட், வருகைப் பதிவு என்று யாராவது பின்னாலேயே துரத்திக்கொண்டிருப்பார்கள். இங்கே பேராசிரியர் வருகிறார், ஒன்றரை மணி நேரம் பாடம் எடுக்கிறார், முடிந்ததும் எல்லோரும் கைதட்டுவதற்குப் பதிலாக மேசையைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். நான் வந்தேனா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் டிசம்பரில் பாதி வகுப்புக்குப் போகவில்லை. பிப்ரவரியில் ஒரே ஒரு கிளவுசூர், அதாவது எழுத்துத் தேர்வு, முழு மதிப்பெண்ணும் அதற்குத்தான். 5.0 வந்திருக்கிறது, இங்கே அது ஃபெயில். மூன்று முறை தவறினால் ஜெர்மனியில் வேறெங்கும்கூட இதே படிப்பைத் தொடர முடியாது என்று ஒரு சீனியர் சொன்னார். உண்மையா? விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுக் காட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுண்டில் போட 11,904 யூரோவை அப்பா கடன் வாங்கித்தான் கொடுத்தார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, தூக்கமே வரவில்லை.

பதில்: ரைன்கரை

தம்பி, சீனியர் சொன்னது பொதுவாகச் சரிதான். பல இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு, கட்டாயப் பாடத்தில் மூன்றும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். ஆனால் எண்ணிக்கை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், அதனால் சீனியரை நம்பாதே, என்னையும் நம்பாதே, உன் துறையின் தேர்வு விதிமுறையைத் தரவிறக்கி நீயே படி. பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும், பொறுமையாக மொழிபெயர்த்துப் பார்.

அதற்கும் முன்னால் ஐன்ஸிஷ்ட்டுக்குப் போ. திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள், அதுதான் ஐன்ஸிஷ்ட். நம் ஆட்கள் பாதிப்பேர் வெட்கப்பட்டுப் போவதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம். நான் போன ஒருமுறை ஒரு பக்கத்தைத் திருத்தாமல் விட்டிருந்தார்கள், 5.0 என்பது 3.7 ஆனது, அதாவது பாஸ். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் எங்கே கோட்டை விட்டாய் என்றாவது தெரியும்.

அப்புறம், அடுத்த தேர்வுக்குத் தயாராகவில்லை என்றால் கெடு முடிவதற்குள் தேர்விலிருந்து பெயரைத் திரும்பப் பெறு. பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் பல இடங்களில் அதுவும் 5.0 தான், ஒரு வாய்ப்பு வீண்.

பதில்: மென்சா காபி

பழைய கேள்வித்தாள் வாங்கினாயா? ஃபாக்‌ஷாஃப்ட் என்று ஒவ்வொரு துறைக்கும் மாணவர் குழு இருக்கும், பெரும்பாலும் அவர்களிடம் கிடைக்கும். ஜெர்மன் மாணவர்கள் சும்மா வகுப்பைக் கேட்டுவிட்டுப் பாஸாவதில்லை, ஊபுங் என்ற பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கணக்குகளை நாலு பேராகப் போட்டுப் பார்க்கிறார்கள். நீ தனியாக அறையில் உட்கார்ந்து ஸ்லைடு படித்திருப்பாய், நானும் அப்படித்தான் படித்தேன், ஒரு வருஷம் போனது.

இன்னொன்று, பகுதிநேர வேலை எவ்வளவு செய்கிறாய்? வருஷத்துக்கு 140 முழு நாள் வரை அனுமதி உண்டு என்பதற்காக எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாதே. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்றால் ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேரப் படிப்பு, அதாவது ஒரு செமஸ்டரே முழுநேர வேலைதான்.

பதில்: ரைன்கரை

வேலையை முழுக்க விடச் சொல்ல மாட்டேன், கடன் இருக்கிற பையன். கிடங்கில் இரவு ஷிஃப்டை மட்டும் விட்டுவிட்டு, துறையிலேயே மாணவர் உதவியாளர் வேலை தேடு. சம்பளம் அங்கே அதிகமில்லை, ஆனால் படிப்போடு ஒட்டிய வேலை, ஆட்களும் பழக்கமாவார்கள்.

பதில்: புதுமாணவன்

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. இரவு ஷிஃப்ட் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், வாரத்துக்கு மூன்று நாள் போகிறேன். விதிமுறையைத் தேடிப் பார்த்துவிட்டேன், எங்களுக்கும் மூன்று வாய்ப்புதான், அடுத்த தேர்வு செப்டம்பரில். ஐன்ஸிஷ்ட் வியாழக்கிழமை 10 மணி சி.டி. என்று போட்டிருக்கிறது, கால் மணி தள்ளித் தொடங்கும் என்று அர்த்தம், அதாவது 10.15 தானே? போய்ப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். அப்பாவிடம் இன்று இரவு பேசப்போகிறேன்.