பொண்டாட்டி நைட் டூட்டிக்கு போனா நான் சமைக்கேன், இதுல யாருக்கு என்ன குறைச்சல்?

தக்கலைபக்கம்:
ஒம்பது வருஷம் துபாய்ல கிடந்துட்டு போன மார்ச்ல வந்துட்டேன், இனி போறதா இல்ல. வீட்டுக்காரி நாகர்கோவில்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில நர்ஸ், மாசத்துல பத்து நாளாவது நைட் டூட்டி வந்துரும். அதனால இப்ப அடுக்களை என் பொறுப்பு, பிள்ளைய வேன்ல ஏத்துறது, துணி அலக்குறது எல்லாம் நான்தான். அங்க ரூம்ல ஏழு பேரு, ஆளுக்கு ஒருநாள் சமையல் டர்ன், நான் மீன்கறி வச்சா பக்கத்து ரூம்காரனும் தட்ட தூக்கிட்டு வருவான், ஒருத்தனும் கேலி பண்ணது கிடையாது. இங்க அதே கறிய வச்சா "பொண்டாட்டிக்கு சேவகம் பண்ணுதான்"னு பேச்சு. சொந்தக்காரங்க வந்தா அம்மை என் கையில இருக்க கரண்டிய புடுங்கிருவாவ, மயினி முன்னாடி ஒருநாள் அழுதுட்டாவ. எப்படி சமாதானம் பண்ண? வேலை தேடிட்டுதான் இருக்கேன், அத ஆரும் ஆரம்பிக்காதீங்க.

சாயாகுடிச்சாச்சா:
மக்கா, சமையல் பண்ணுறது குத்தமில்ல. கல்யாணத்துக்கு முந்துன நாள் ராத்திரி அவியலுக்கு காய் வெட்ட ஆம்பளைங்களும்தான் உக்காருதோம். ஊரு கூடி இருக்கப்போ வெட்டுனா பெருமை, வீட்டுக்குள்ள வெட்டுனா கேவலம், நம்ம ஊர் கணக்கு அப்படி. நீ ஆரம்பிக்காதன்னு சொன்னாலும் சொல்லுதேன், சீக்கிரம் ஒரு வேலையில ஏறு, பேச்சு தன்னால நிக்கும்.

அண்டியாபீஸ்காரி மகள்:
நிக்கும் அண்ணே, ஆனா அப்புறம் அடுக்களை யாருக்கு? விடிய விடிய நின்னுட்டு வாற அந்த அக்காவுக்கா? எங்க அம்மை இருவது வருஷத்துக்கு மேல அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரிக்கொட்டை ஆலையில, இருந்தாவ. கொட்டைய தல்லி உடைக்கிறது, தோலு உரிக்கிறது, தரம் பிரிக்கிறது எல்லாம் பொம்பளைங்க, கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. வறுக்குறதும் மூடை தூக்குறதும் ஆம்பளைங்க, அவங்களுக்கு நாள் சம்பளம். கொட்டை எண்ணெய் பட்டு கை கருத்து பொரிஞ்சு போயிருக்கும், சாம்பல் தேச்சுட்டுதான் வேலைக்கு உக்காருவாவ. சாயங்காலம் அந்த கையாலதான் அப்பாக்கு சோறு விளம்பணும், அப்பா அன்னைக்கு வேலைக்கே போகலேன்னாலும்.

2024ல மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்புல வீட்டு வேலைக்கு பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம். இது எல்லா ஆம்பளைங்களையும் சேத்து இல்ல, வீட்டு வேலை செய்யுறேன்னு சொன்னவங்கள மட்டும் எடுத்தே 88!

உங்க அம்மை அழுதது உங்களுக்காக இருக்காது. "அம்மைக்காரி ஒருத்தி இருந்தும் மொவன் சட்டி கழுவுதான்"னு ஊரு அவங்களத்தான் சொல்லும். ஒண்ணு கேக்கேன், துணிய எங்க காயப்போடுவீங்க?

தக்கலைபக்கம்:
பின்னாடி. முன்பக்கம்தான் வெயில் நல்லா விழும், ஆனா கொடி கட்டியிருக்கது பின்னாடி… சரி, புரிஞ்சிட்டு.

குழித்துறை சிஸ்டர்:
நானும் நர்ஸ்தான். 50 பேர் வேலை செய்யுற இடத்துல பிள்ளைங்கள பாத்துக்க காப்பகம் வேணும்னு 2017ல மகப்பேறு சட்ட திருத்தத்துலயே வந்தாச்சு, அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் பாத்துட்டு வரலாம். நான் முன்ன இருந்த இடத்துல இத கேட்டதுக்கு "வீட்ல மாமியார் இல்லியா சிஸ்டர்?"னு கேட்டாவ. எங்க வீட்டு மாமியார நம்பித்தான் டூட்டி லிஸ்ட் போடுதாவ, மாமியாருக்கு முட்டுவலின்னா லீவு எனக்குத்தான், எங்க வீட்டுக்காரருக்கு ஒருநாளும் இல்ல. மத்திய அரசு வேலையில இருக்க ஆம்பளைக்காவது பிள்ள பொறந்தா 15 நாள் லீவு உண்டு, பிரைவேட்ல அதுக்கும் சட்டம் இல்ல. அதனால அண்ணே, அந்த சிஸ்டர் நைட் முடிஞ்சு வந்தா சாயாவ கையில குடுத்து தூங்க விடுங்க, அம்மைய அப்புறம் பாத்துக்கலாம்.

தக்கலைபக்கம்:
ரெண்டு வாரம் கழிச்சு வாறேன். கொடிய முன்னாடி மாத்தியாச்சு. இன்னைக்கு சாளை வாங்கி முன்வாசல்லயே உக்காந்து வெட்டுனேன். மீன்கார அம்மை கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு "மக்களே, வாலு பக்கம் செதில் இருக்கு பாரு"ன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்கு போயிட்டாவ, வேற ஒண்ணும் கேக்கல. அம்மை சன்னல் வழியா பாத்துட்டே நின்னாவ. பொறவு பூனைய விரட்ட ஒரு கம்ப எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தாவ.