கரண்ட் இல்லாத நாளில் தையல் மெஷினும் நெபுலைசரும்: போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் போதுமா?

குடியாத்தம்_தையல்:

வணக்கம். குடியாத்தத்தில் வாடகை வீட்டின் முன்னறையில் தையல் வேலை செய்கிறேன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்பதால் சித்திரை மாதம் முழுக்க ரவிக்கை ஆர்டர் குவியும். அந்த நேரம் பார்த்துத்தான் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போகிறது, மாலையில்தான் வருகிறது. வேலை நிற்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது. மூச்சு இழுக்கும்போது நெபுலைசர் வைக்க முடியாமல் தவிப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கடையில் ஒரு போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் காட்டினார்கள். "1000 வாட், வீடே ஓடும்" என்றார்கள். என்னிடம் இருப்பவை: சின்ன மோட்டார் பொருத்திய சாதாரண மெஷின், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி, சீலிங் ஃபேன், 2 எல்இடி பல்பு, அம்மாவின் நெபுலைசர், ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். இதெல்லாம் உண்மையிலேயே ஓடுமா? விலை கொஞ்சநஞ்சம் இல்லை, அதனால் கேட்கிறேன்.

காட்பாடி_மின்பணி:

அம்மா, வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, அது நல்லது. இன்வெர்ட்டர், சோலார் வேலைதான் செய்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது மூன்றுதான்: லித்தியம் பேட்டரி, அதன் நேர் மின்சாரத்தை நம் வீட்டுக்கான 230 வோல்ட் மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், சார்ஜர். டீசல் கிடையாது, புகை கிடையாது. உள்ளே ஏற்றி வைத்த அளவுதான் வெளியே வரும், அதுவும் முழுசாக வராது.

நீங்கள் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று வாட், இன்னொன்று வாட்-அவர். உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்ற அளவு, துணியின் பன்னா (அகலம்) மாதிரி. பன்னா போதாவிட்டால் எத்தனை மீட்டர் வாங்கினாலும் அந்த அளவை வெட்ட முடியாது. வாட்-அவர் என்பது உள்ளே மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு, துணியின் மீட்டர் மாதிரி. எத்தனை ரவிக்கை வரும் என்பதை அதுதான் சொல்லும். கடைக்காரர் பன்னாவை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெட்டியின் வாட்-அவர் எவ்வளவு என்று கேளுங்கள்.

1000 வாட்-அவர் பெட்டி என்றே வைத்துக்கொள்வோம். மாற்றும்போது வீணாவது போக 850 கைக்கு வரும். மெஷின் மோட்டார் சுமார் 100 வாட், ஆனால் மிதிக்கும்போதுதான் இழுக்கும். 8 மணி நேர வேலையில் மொத்தம் 400 வாட்-அவர் வைக்கலாம். இரண்டு பல்புக்கு 150. நெபுலைசர் 150 வாட் என்றாலும் 15 நிமிடம்தானே, ஒரு தடவைக்கு 40கூட ஆகாது. ஆகவே உங்கள் அம்மா விஷயத்தில் பயப்படத் தேவையில்லை, இதைவிடச் சின்னப் பெட்டியே போதும்.

சிக்கல் ஃபேனில் வருகிறது. பழைய ஃபேன் 75 வாட், 8 மணி நேரத்துக்கு 600. மெஷினையும் பல்பையும் சேர்த்தால் பெட்டி தாங்காது. பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார்) 30 வாட் அளவில்தான் ஓடும், 240 போதும். இப்படி மாற்றினால் ஒரு நாள் வேலை இழுத்துப்பிடித்து முடியும். ஃப்ரிட்ஜை இதில் சேர்க்காதீர்கள். ஓடும்போது 100 வாட்தான், ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். கதவைத் திறக்காமல் விட்டாலே சில மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

இஸ்திரிப் பெட்டியை மறந்துவிடுங்கள். சூடாக்கும் எதுவுமே பேட்டரிக்கு எமன்: இண்டக்‌ஷன், ஹீட்டர், கெட்டில், எல்லாம். உங்கள் இஸ்திரி அரை மணி நேரம் சூடு ஏறினால் 500 போய்விடும், அதாவது பாதிப் பெட்டிக்கு மேல். ஷட்டவுன் அன்று மட்டும் கரி இஸ்திரிப் பெட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். வீட்டை விட்டு நகராத வேலைக்குச் சாதாரண இன்வெர்ட்டரும் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரியும், அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் ஈய-அமில பேட்டரியும், போதும். 12 வோல்ட் பெருக்கல் 150, 1800 வாட்-அவர். அடிவரைக்கும் இறக்காமல், மாற்றும் நஷ்டமும் போக, ஆயிரத்தை ஒட்டி நிச்சயம் கிடைக்கும். விலையோ மிகக் குறைவு. அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், சில வருஷத்தில் பேட்டரி மாற்ற வேண்டும், தூக்கிக்கொண்டு போக முடியாது. அவ்வளவுதான் குறை. எது வாங்கினாலும் 'ப்யூர் சைன் வேவ்' (வீட்டு லைன் கரண்ட் மாதிரியே சீரான அலை) என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் உறுமும், சூடாகும்.

ஒடுகத்தூர்_கேமரா:

அண்ணன் சொன்ன கணக்கு சரி. தூக்கிப் போகிறவன் பக்கத்துச் சேதியைச் சொல்கிறேன். பீஞ்சமந்தை, ஜமுனாமரத்தூர் மலைப் பக்கம் கல்யாணம், திருவிழா எடுக்கப் போனால் கேமரா பேட்டரி, ட்ரோன், லேப்டாப், எல்இடி லைட் எல்லாம் ஒரு 500 வாட்-அவர் பெட்டியில்தான் ஓடுகிறது. என் வேலைக்கு அது உயிர்.

அக்கா, எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர்) கணக்கில் விற்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். "80,000" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 296 வாட்-அவர்தான். பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையா என்றும் கேளுங்கள். எடை கூடுதல்தான், ஆனால் ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும், சூட்டையும் மற்ற லித்தியத்தைவிடப் பொறுக்கும். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது. ஷீட் கூரைக்குக் கீழேயும் வேண்டாம்.

மொபைல், ரௌட்டர் மாதிரி சின்னச் சாமானுக்கு யுஎஸ்பி, டிசி துளையைப் பயன்படுத்துங்கள். 230 வோல்ட் பட்டனைப் போட்டாலே உள்ளே இன்வெர்ட்டர் சும்மா இருந்தும் தின்னும்.

குடியாத்தம்_தையல்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மூன்று கடை ஏறியும் இதை யாரும் சொல்லவில்லை. அம்மாவை அடிக்கடி பேரணாம்பட்டில் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போவேன். அதனால் நெபுலைசருக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டி, தையலுக்கு இன்வெர்ட்டர் என்று நினைக்கிறேன். ஒரு சந்தேகம். சீலிங் ஃபேன் சுவர் ஒயரிங்கில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் இன்வெர்ட்டரைச் சுவர் சாக்கெட்டில் சொருகினால் வீடு முழுக்க வரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?

காட்பாடி_மின்பணி:

செய்யவே கூடாது அம்மா. தயவுசெய்து அவரிடமும் சொல்லுங்கள். ஒரு முனை இன்வெர்ட்டரில் இருக்கும்போது மறுமுனைப் பிளக்கின் பின் வெறுமனே 230 வோல்ட்டோடு நிற்கும், கை பட்டால் போச்சு. மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். லைன் செத்துவிட்டது என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். கரண்ட் திரும்பி வந்தால் இன்வெர்ட்டரும் எரியும்.

வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு ஃபேன், இரண்டு லைட்டுக்கு மட்டும் லைசென்ஸ் உள்ள ஒருவரை வைத்துத் தனி இன்வெர்ட்டர் லைன் இழுத்துவிடுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் பிஎல்டிசி பெடஸ்டல் ஃபேன் ஒன்று வாங்கி, மெஷினோடு சேர்த்து இன்வெர்ட்டரின் பின்பக்கச் சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டு ஓட்டலாம். நெபுலைசரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் எவ்வளவு என்று பார்த்து இங்கே போடுங்கள், சின்னப் பெட்டி எந்த அளவு என்று சொல்கிறேன்.