வெள்ளை பைன் போன்சாய்: ஊசிகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன

இலைப்பித்தன்:
வணக்கம். என்னிடம் இருப்பது ஜப்பானிய வெள்ளை பைன், வாங்கும்போதே வயதான மரம். கோடை முழுக்க நன்றாக இருந்தது, இலையுதிர்காலம் தொடங்கியதும் ஊசிகள் மஞ்சளாகி, தொட்டாலே கையோடு வருகின்றன. தினமும் தண்ணீர் விடுகிறேன், போதவில்லையோ? குளிருக்கு வீட்டுக்குள் ஜன்னலோரம் வைக்கலாமா? அப்புறம், கறுப்பு பைன் வளர்க்கும் நண்பர் ஒருவர் வசந்தத் தளிரை அடியோடு வெட்டினால் ஊசி குட்டையாகும் என்கிறார், செய்யலாமா?

முடிச்சுக்கம்பி:
எந்த ஊசி மஞ்சளாகிறது, அதை முதலில் சொல்லுங்கள். நுனியில் இந்த வருடம் வந்தது பச்சையாக இருந்து, உள்ளே இருக்கும் பழைய ஊசி மட்டும் போகிறது என்றால் அது வருடாவருடம் நடப்பதுதான். நுனியே பழுத்தால் வேரில் ஏதோ கோளாறு.

இலைப்பித்தன்:
உள்பக்கம் மட்டும்தான். நுனியெல்லாம் நீலப்பச்சையாக, கொத்துக்கு ஐந்து ஊசியோடு நன்றாகவே இருக்கிறது.

சரளைமண்:
அப்படியென்றால் பயம் வேண்டாம், உதிர்ந்ததைப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். ஆனால் தினமும் தண்ணீர் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த மரம் மண் காய்வதைவிட ஈரத்தில்தான் சீக்கிரம் சாகும். ஒரு மரக்குச்சியை மண்ணில் செருகிவைத்து, உருவிப் பார்த்து, ஈரம் ஏறியிருந்தால் அன்றைக்கு விடாதீர்கள். விடும்போது அடித்துளை வழியாக ஓடும்வரை விடுங்கள். அகடாமா (ஜப்பானியக் களிமண் உருண்டைகள்), பியூமிஸ் (நுரைக்கல்), எரிமலைக் கல் கலந்த மண்ணாக இருந்தால் தண்ணீர் தேங்காது. சாதாரணத் தோட்டமண் என்றால் வசந்தத்தின் தொடக்கத்தில், மொட்டு பருக்கும்போது மாற்றுங்கள்.

வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். குளிரில் அதற்கு உறக்கம் தேவை. காற்று அடிக்காத இடத்தில் வெளியே வைத்து, தொட்டி கெட்டியாக உறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முடிச்சுக்கம்பி:
தளிர் விஷயத்தில் நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். கறுப்பு பைன் வெட்டிய அதே கோடையில் மறுபடி துளிர்க்கும். வெள்ளை பைன் வருடத்துக்கு ஒருமுறைதான், அடியோடு வெட்டினால் கிளை நலிந்துவிடும். மெழுகுவர்த்தி மாதிரி நீண்ட தளிரில் ஊசி பிரிவதற்குள், வீரியமானதை மட்டும் விரலால் பாதிக்குக் கிள்ளுங்கள். சோனியானதைத் தொடாதீர்கள். கிளையை வளைக்கக் கம்பி கட்டுவதென்றால் இலையுதிர்காலமோ குளிர்காலமோ சரி.

இலைப்பித்தன்:
குச்சியைச் செருகியபோது வேர்ப்பக்கம் வெள்ளையாக, நூல்நூலாகப் பூசணம் தெரிந்தது. மருந்து அடிக்கணுமா?

சரளைமண்:
ஐயோ, அடித்துவிடாதீர்கள்! காளான் வாசனை வருகிறதா பாருங்கள், வந்தால் அது மைக்கோரைசா, வேரோடு கூடி வாழும் பூஞ்சை. மண் மாற்றும்போதும் வேரை முழுக்கக் கழுவாமல் பழைய மண்ணில் கொஞ்சம் விட்டுவையுங்கள். அழுகல் நாற்றம் என்றால் கதை வேறு, உடனே எழுதுங்கள்.

பழையவேர்:
வாஷிங்டன் தேசிய மரப்பூங்காவில் இருக்கும் யமாகி பைன் என்ற புகழ்பெற்ற போன்சாயும் இதே இனம்தான். 1625 முதல் வளர்க்கப்படுகிறது, ஹிரோஷிமா குண்டுக்கும் தப்பியது, 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது. சரி, உங்கள் மரத்தின் அடிப்பட்டை சொரசொரப்பாகவும் மேலே வழுவழுப்பாகவும் இருக்கிறதா? இருந்தால் கறுப்பு பைன் வேரில் ஒட்டுக்கட்டியது. ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள்.