திட்டத்தை மாற்றும் முன் ராடைப் பாருங்கள்: ஜிம்மில் கண்டு மனசை விட்டுப் போகாதவை (அனுபவப் பகிர்வு)

கர்லாக்கட்டை:

ஜிம்மில் ஒரு பையன். நோட்டில் நாலு மாசமா ஒரே எண். ஷோல்டர் பிரஸ் (ராடைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளுறது) 30 கிலோ: மூணு செட்டில் 5, 5, 4 தடவை. அடுத்த வாரம் 35 போட்டு 2. மறுபடி 30. அந்த நாலு மாசத்தில் பையன் அஞ்சு தடவை பயிற்சித் திட்டம் மாத்தியிருந்தான். நோட்டில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு, அடிக்கோடு. கீழே எண் மட்டும் மாறவே இல்லை.

மறக்க முடியாதது ராடு நின்ற இடம்தான். நெற்றி உயரத்தில் வந்து நின்றது. முழங்கை ரெண்டும் நடுங்குது, மேலேயும் போகலை, கீழேயும் வரலை. அப்புறம் இடுப்பைப் பின்னால் வளைச்சுத் தள்ளப் பார்த்தான். மாஸ்டர் ஓடிவந்து ராடைப் பிடிச்சுட்டார்.

தப்பு திட்டத்தில் இல்லை. அந்த ஜிம்மில் இருந்ததிலேயே சின்னத் தட்டு 2.5 கிலோ. ரெண்டு பக்கமும் போட்டால் ஒரேயடியா 5 கிலோ ஏறும். 100 கிலோ ஸ்க்வாட்டுக்கு (ராடைத் தோளில் வெச்சு உட்கார்ந்து எழுறது) அது நூற்றில் அஞ்சு. 30 கிலோ பிரஸ்ஸுக்கு ஆறில் ஒரு பங்கு. எந்தத் தோளும் ஒரு வாரத்தில் அவ்வளவு ஏறாது.

ரெண்டு வழி இருக்கு. 1.25 கிலோ தட்டு ஒரு ஜோடி வாங்கிப் பையில் வெச்சுக்கலாம். இல்லையா, எடையை அப்படியே விட்டுட்டு எண்ணிக்கையை ஏத்தணும். 30 கிலோவில் 10, 10, 10 வந்த பிறகுதான் 35. அப்போ 35-ல் நாலோ அஞ்சோ சுத்தமா வரும். மறுபடி அங்கிருந்து பத்து வரைக்கும். சலிப்பாத்தான் இருக்கும். ஆனா எண் நகரும்.

நீங்க பார்த்ததையும் எழுதுங்க. திட்டத்தின் மேல் பழி போட்டு, உண்மையில் வேற எங்கேயோ தடுத்தது எதுவா இருந்தாலும் சரி.

பழைய இரும்பு:

ராடோட எடை. இதை யாருமே நிறுத்துப் பார்ப்பதில்லை.

ஊர் மாறி வந்தவர், பழைய ஜிம்மில் பக்கத்துக்கு 20 கிலோ தட்டு போட்டு ஸ்க்வாட் பண்ணிக்கொண்டிருந்தவர். புது ஜிம்மிலும் அதே தட்டு. ஸ்டாண்டிலிருந்து எடுத்து ஒரு அடி பின்னால் வைத்ததுமே முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. பழைய இடத்து ராடு எட்டு கிலோ இரும்புக் குழாய், புது இடத்தில் ஒலிம்பிக் ராடு 20 கிலோ. மொத்தம் 48 என்பது 60 ஆகிவிட்டது. மனுஷன் அதற்கு முந்தின இரவு தூக்கம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் இருக்கும் எடை மெஷின் போதும். முதலில் வெறும் கையோடு ஏறி நில்லுங்கள். பிறகு ராடைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். கழித்தால் ராடின் எடை. தட்டுகளையும் இப்படியே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலிவான வார்ப்புத் தட்டில் எழுதியிருப்பதும் இருப்பதும் ஒன்றாக இருக்காது. எப்போதும் அதே ராடு, அதே ஜோடித் தட்டு. அடையாளத்துக்கு ராடின் நுனியில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இன்னொன்று, செட் எண்ணிக்கை. காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுத்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டீலார்ம், 1945-ல் ஏழு முதல் பத்து செட் வரை என்று எழுதினார். 1948-ல் அவரே மூன்றாகக் குறைத்துவிட்டார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவோ அதில் பாதி, முக்கால், முழுசு. ஒவ்வொன்றும் பத்து முறை. சூடேற்றுவதும் அதிலேயே முடிந்துவிடும். இதைவிட எளிமையாக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மொட்டைமாடி:

டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கிற ராடைத் தூக்கி நிமிர்றது. "முதுகு வலிக்குது, இது எனக்கு ஒத்துவராது"ன்னு விட்டவங்க எத்தனை பேர்! அதில் ஒருத்தரைப் பக்கவாட்டிலிருந்து போன்ல படம் பிடிச்சுக் காட்டினப்போதான் விஷயம் புரிஞ்சது. ராடு தரையை விட்டு எழும்புறதுக்கு முன்னாடியே கீழ்முதுகு வில் மாதிரி வளைஞ்சு கிடந்தது. அவரே அந்தப் படத்தை நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

போட்டித் தட்டோட விட்டம் 45 செ.மீ. அதனால ராடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும், அதாவது கெண்டைக்காலுக்கு நேரா. நம்ம ஜிம் பத்து கிலோ இரும்புத் தட்டு சின்னது. விட்டம் 30 செ.மீ.ன்னா ராடு 15 செ.மீ.லதான் கிடக்கும். அந்த ஏழரை செ.மீ. கீழே இறங்கத்தான் முதுகு வளையுது. ஆளு மேல குறை இல்லை.

ரெண்டு பக்கமும் மரப்பலகையோ ரப்பர் மேட்டோ அடுக்கி, டேப் வெச்சு அளந்து 22.5-க்குக் கொண்டு வாங்க. செங்கல் வேண்டாம், உடைஞ்சு சரியும். ராடு பாதத்தோட நடுவுக்கு மேல, முன்எலும்பிலிருந்து ரெண்டு மூணு செ.மீ. தள்ளி இருக்கணும். கையை வெச்சுப் பிடிச்ச பிறகு ராடை நகர்த்தாதீங்க, முழங்காலை மடக்கி முன்எலும்பைத்தான் ராடு பக்கம் கொண்டு வரணும். இழுக்குறதுக்கு முன்னாடி ராடும் தட்டும் உரசுற "டிக்" சத்தம் கேட்கணும். அது வர்ற வரைக்கும் கையை இறுக்கி, அப்புறம் தரையைக் காலால் தள்ளுங்க.

தண்டால்_பஸ்கி:

எல்லாரும் ராடு, தட்டு, டேப்புன்னு பேசறீங்க. எளிமைன்னு சொல்லிட்டு இத்தனை சாமானா? தண்டால், பஸ்கி (எடை இல்லாம உட்கார்ந்து எழுறது). நம்ம ஊர் பயில்வான்கள் இதை வெச்சுத்தான் உடம்பு வளர்த்தாங்க. தரை இருந்தா போதும். ஹாஸ்டல்ல ஒரு பையன், மூணு வருஷம், தினமும் காலைல குளிக்கப் போறதுக்கு முன்னாடி. மழையோ பரீட்சையோ, பக்கெட்டை ஓரமா வெச்சுட்டு ஆரம்பிச்சுடுவான். அந்தப் பக்கெட் வைக்கிற சத்தம்தான் ஞாபகம் இருக்கு. அதைக் கேட்டாலே மணி அஞ்சே முக்கால்னு தெரியும். நேரமும் இடமும் மாறாததுதான் அவன் ரகசியம்.

நுண்ணோக்கி (பிசியோ):

தண்டால் நண்பருக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. அந்தப் பையன் மூன்று வருடம் செய்தவர். முதல் நாள் என்ன செய்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை.

கல்லூரி மாணவர் ஒருவர், நண்பர்களோடு பந்தயம் கட்டி ஒரே மாலையில் 500 பஸ்கி போட்டவர். அதற்கு முன் பழக்கமே கிடையாது. மூன்றாம் நாள் தொடை இரண்டும் கல் மாதிரி வீங்கி, மாடிப்படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவதாகச் சொன்னார். "தண்ணி கம்மியா குடிச்சிருப்பேன் சார்" என்றார் அமைதியாக. அந்த அமைதிதான் இன்னும் உறுத்துகிறது.

அது தண்ணீர்க் குறைவு மட்டும் அல்ல. அளவுக்கு மீறி வேலை வாங்கியதில் தசை இழைகள் உடைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்குப் போகக்கூடியது. கடுமையான வீக்கம், காலைத் தூக்க முடியாத பலவீனம், கருஞ்சிவப்பு அல்லது காப்பி நிறச் சிறுநீர். இவற்றில் சிறுநீர் நிறம் மாறினாலே போதும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்ற தசை நொதியின் அளவைப் பார்ப்பார்கள். வலிக்கிறதே என்று கடையில் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் வாங்கிப் போடாதீர்கள். அவையும் சிறுநீரகத்துக்குச் சுமை.

சாதாரண உடம்புவலி வேறு. அது மறுநாள் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளுக்குள் உச்சம் தொட்டு, தானாக இறங்கும்.

புதிதாக ஆரம்பிப்பவர் முதல் வாரம் பத்துப் பத்தாக இரண்டு செட் பஸ்கி, ஐந்து ஐந்தாக இரண்டு செட் தண்டால், வாரம் மூன்று நாள். தண்டால் தரையில் வரவில்லையென்றால் கட்டில் விளிம்பில் கை வைத்துச் செய்யலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு செட்டுக்கு இரண்டு கூட்டினால் போதும். "இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமே" என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள்.

தண்டால்_பஸ்கி:

ஏத்துக்கறேன் சார். முதல் நாள் கணக்கு எழுதாதது தப்புதான். இன்னொரு குறையையும் நானே சொல்லிடறேன். தண்டால் தள்ளுற வேலை, பஸ்கி கால் வேலை. இழுக்குற வேலை ரெண்டுலயும் இல்லை. முதுகுக்கு ஒண்ணு வேணும். 20 லிட்டர் தண்ணி கேன் நிறைச்சா 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஒரு கையைக் கட்டில்ல ஊன்றி, இன்னொரு கையால கேனை இடுப்புப் பக்கம் இழுக்கணும், ஒரு பக்கம் பத்து. கைப்பிடி இருக்கிற கேனா பாருங்க, கழுத்தைப் பிடிச்சு இழுத்தா வழுக்கும். முதல்ல பாதி தண்ணியோட ஆரம்பிங்க. பாதி கேன்னா தண்ணி ஆடும், மெதுவா இழுங்க. மூடி இறுக்கமா இருக்கணும்.

கதவு நிலையில் திருகி மாட்டுற புல்அப் ராடு வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க. வெறும் இறுக்கத்துல நிக்கிறது வழுக்கும். கூடவே வர்ற கிண்ணத்தை மர நிலையில ஸ்க்ரூ போட்டு மாட்டுங்க. பூச்சு மேல மாட்டினா சிமென்ட்டோட பெயர்ந்து வரும். ஏற முடியாதவங்க ஸ்டூல் போட்டு மேல போய், அஞ்சு எண்ணி மெதுவா இறங்கினாலே போதும், மூணு தடவை.

பூங்கா நடை:

தினமும் 45 நிமிஷம் நடக்கிற அம்மா, அறுபது வயசுக்கு மேல. வருஷக்கணக்கா ஒரு நாள் தவறினதில்லை. கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்துட்டு எழுந்திருக்கும்போது பார்த்தேன். ஒரு கை முழங்கால் மேல, இன்னொரு கை தூணில். முதல் தடவை பாதியில் அப்படியே உட்கார்ந்துட்டாங்க. ரெண்டாவது தடவை பேத்தி வந்து தூக்கிவிட்டாள். "நடக்கிறேனே, அப்புறம் ஏன் இப்படி"ன்னு கேட்டாங்க.

நடை நல்லதுதான். ஆனா எழுந்திருக்கத் தேவையான தொடை பலம் நடையில் மட்டும் வராது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் இதுதான்: வாரம் 150 நிமிஷமாவது நடை மாதிரி மிதமான உழைப்பு, அதோட ரெண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. முதல் பாதி எல்லாருக்கும் தெரியுது, ரெண்டாவது பாதி தெரியலை.

கை வைக்காத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்க. கையை மார்பில் குறுக்காகக் கட்டி, எழுந்து உட்கார்றது, எட்டு தடவை, ரெண்டு செட். வரலைன்னா உட்காரும் இடத்தில் தலையணை வெச்சு உயர்த்துங்க, பலம் வரவர எடுத்துடலாம். உட்காரும்போது தொப்புனு விழக்கூடாது, மூணு எண்ணி இறங்கணும். மூச்சை அடக்காம, எழும்போது விடணும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுறவங்க வெறும் வயித்தில் செய்ய வேண்டாம்.

முட்டைக்கணக்கு:

மேலே இருப்பவை எல்லாம் சரி, ஆனால் யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை. ஆறு மாதம் பயிற்சி செய்தும் ஏறவில்லை என்று வந்தவரின் டிபன் பாக்ஸைத் திறந்தால் எலுமிச்சை சாதம், வத்தல். அவ்வளவுதான் நான் பார்த்தது. ஆனால் கணக்கை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் சொன்ன அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். இது சாதாரண ஆளுக்கு. எடைப் பயிற்சி செய்பவருக்கு 1.6 வரை போகலாம், அதாவது 104. ஒரு முட்டையில் 6 கிராம். அரை லிட்டர் பாலில் 16. நூறு கிராம் துவரம்பருப்பில் 22, ஆனால் ஒரு கரண்டி சாம்பாரில் எத்தனை கிராம் பருப்பு இருக்கும் என்று யோசியுங்கள். நூறு கிராம் நிலக்கடலையில் 25, கூடவே எண்ணெயும் நிறைய. காய்ந்த சோயா உருண்டை 50 கிராம் போட்டால் 26. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டால் வாடை போய்விடும், குருமாவில் போட்டால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். பவுடர் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

பழைய இரும்பு:

முட்டைக்கணக்கு சார், கணக்கு நல்ல கணக்கு. ஆனால் அவர் ஆறு மாதத்தில் எத்தனை நாள் வந்தார் என்று கேட்டீர்களா? பொங்கல், கல்யாண சீசன், காய்ச்சல் என்று போய்விட்டு மூன்று வாரம் கழித்து வருபவர் நேராகப் பழைய எடையைப் போடுவார். பெஞ்சில் படுத்துத் தள்ளும்போது ராடு நெஞ்சின் மேல் இறங்கி அப்படியே நின்ற ஒருவரைப் பார்த்தேன். தட்டு நழுவாமல் பிடிக்கும் கிளிப்பை மாட்டாமல் இருந்ததால் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தட்டைச் சரியவிட்டுத் தப்பித்தார். தனியாக பெஞ்ச் போடும்போது கிளிப் வேண்டாம், கட்டைவிரல் ராடைச் சுற்றி இருக்க வேண்டும். சேஃப்டி ராடு (ராடு விழுந்தால் தாங்கும் பக்கக் கம்பி) இருந்தால் நெஞ்சு உயரத்துக்குச் சற்றே கீழே வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்; கழுத்து அதற்கு மேலே இருக்கக்கூடாது.

ஒரு வாரம் விட்டால் பழைய எடையே போடலாம். இரண்டு மூன்று வாரம் விட்டால் நூற்றுக்கு இருபது குறைத்து, மூன்று செட்டை இரண்டாக்கி ஆரம்பியுங்கள். வேலை நெருக்கும் மாதத்தில் அடியோடு விடாமல் வாரம் ஒரே நாள் போங்கள். எடையைக் குறைக்காதீர்கள், செட்டைக் குறையுங்கள். இருக்கும் பலம் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

ஈரோடு_புதுசு:

கர்லாக்கட்டை அண்ணா, எங்க ஊர்ல 1.25 தட்டு கிடைக்கலை. கால்ல கட்டுற மணல் பட்டை, ஒண்ணு ஒரு கிலோ, ஒரு ஜோடி இருக்கு. அதை ராடுல கட்டலாமா?

கர்லாக்கட்டை:

கட்டலாம் தம்பி. ரெண்டு பக்கமும் ஒண்ணு, மொத்தம் ரெண்டு கிலோ ஏறும். தட்டு போட்டு கிளிப் மாட்டின பிறகு, கிளிப்புக்கு வெளியே ரெண்டு சுத்து சுத்தி இறுக்கமா ஒட்டு. தொங்கவிட்டா ஊஞ்சல் மாதிரி ஆடி ராடை ஒரு பக்கம் இழுக்கும். ரெண்டையும் தனித்தனியா நிறுத்துப் பாரு, மணல் கொட்டியிருந்தா எடை சமமா இருக்காது. பெஞ்சுக்கு இது வேண்டாம், அங்கே தட்டு சரியணும்னா பட்டை தடுக்கும். நோட்டில் 32-ன்னு எழுது, பக்கத்தில் "பட்டை"ன்னு குறிச்சு வை.