அசிட்டாபுலத்துக்குத் தமிழ்: கிண்ணமா, குழியா?

வணக்கம். தொடையெலும்பின் பந்து வந்து பொருந்தும் இடுப்பெலும்புக் குழிவுதான் அசிட்டாபுலம். அங்கே ஏற்படும் முறிவுகளுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்று நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> ‘இடுப்புக்குழி முறிவு’ என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் இடுப்புக்குழி என்ற பெயரைச் சிறுநீர்ப்பையும் கருப்பையும் இருக்கும் பெரிய குழிவுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். போன வாரம் ஓர் அம்மாவின் ஸ்கேன் அறிக்கையை அவர் மகளுக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘இடுப்புக்குழியில் முறிவு’ என்று படித்தவர், “அப்போ கர்ப்பப்பையிலயும் அடியா?” என்று பதறிப்போனார். அன்றே அந்தச் சொல்லைக் கைகழுவிவிட்டேன்.

என் ஓட்டு ‘இடுப்புக் கிண்ணம்’. பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். லத்தீனிலும் அசிட்டாபுலம் என்றால் சாப்பாட்டு மேசையில் காடி வைக்கும் சின்னக் கிண்ணம்தான். சிரட்டை இன்னும் அழகு, ஆனால் அதை முழங்கால் சில்லுக்குச் சொல்லிப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

> கிண்ணத்துக்கு ஏது தூண்?

நல்ல கேள்வி அம்மா. கவட்டைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கிளைகளும்தான் எலும்பு மருத்துவர்கள் சொல்லும் முன்தூண், பின்தூண். அவை சேரும் கவையில் குடைந்தது கிண்ணம். தூண்கள் இடுப்பெலும்புக்குச் சொந்தம், சுவர்கள் கிண்ணத்தின் விளிம்பு. ஜூடே, லெத்தூர்னெல் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் 1964-இல் வெளியிட்ட முறிவு வகைப்பாடு இதன்மேல்தான் நிற்கிறது: அடிப்படை வகை 5, கலப்பு வகை 5. ஆகவே ‘பின்தூண் முறிவு’, ‘கிண்ணப் பின்சுவர் முறிவு’ என்று பிரித்தே சொல்லலாம்.

பிரித்துச் சொல்வதில் ஒரு லாபம் உண்டு. கார் மோதும்போது முன் இருக்கையில் இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. தொடையெலும்பு உலக்கை மாதிரி பின்னால் போய்ப் பின்சுவரை உடைக்கிறது, பந்தும் நழுவலாம். அதற்குப் பின்னாலேயே காலுக்குப் போகும் பெரிய நரம்பு, அது நசுங்கினால் பாதத்தைத் தூக்க முடியாது. கால்மேல் கால் போட்டிருந்தால் சுவர் அதிகம் உடையாமல் பந்து மட்டும் வெளியே வரவும் கூடும். குளியலறையில் பக்கவாட்டில் விழும் முதியவருக்கோ அடி வெளியிலிருந்து உள்ளே பாய்கிறது. பெரும்பாலும் முன்தூணும் கிண்ணத்தின் உட்பக்கமும்தான் போகும். உடைந்த பக்கத்தைச் சொன்னாலே அடி வந்த திசை பாதி தெரிந்துவிடும்.

அப்புறம், இடுப்பு வளைய முறிவு, அதாவது இடுப்பெலும்புகள் சேர்ந்து அமைக்கும் வளையம் உடைவது, வேறு கணக்கு. கண்ணாடி வளையல் ஒரே இடத்தில் உடைந்து பார்த்திருக்கிறீர்களா? இதுவும் அப்படித்தான், முன்னால் ஒரு முறிவு தெரிந்தால் பின்னாலும் தேடுவார்கள். முன்னிருந்து நசுங்கி, முன்பக்க இணைப்பு விரிந்துபோவதற்குப் நம் பட்டியலில் ‘திறந்த புத்தக முறிவு’ என்றிருக்கிறது. வேண்டாம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிவதும் திறந்த முறிவுதான். ‘விரிபுத்தக முறிவு’ என்றால் குழப்பமில்லை.

எனக்கே இடிப்பது ஒன்றுதான்: ‘இருதூண் முறிவு’. குறுக்கு முறிவும் இரண்டு தூணையும் வெட்டத்தானே செய்கிறது? ஆனால் அதில் கிண்ணத்தின் மேல்பாதி முதுகெலும்புப் பக்கத்தோடு ஒட்டியே இருக்கும். இருதூண் வகையில் கிண்ணத்தின் ஒரு துண்டுகூட அந்தப் பக்கம் ஒட்டியிருக்காது, முழுக்க அறுந்து நிற்கும். ‘அறுகிண்ண முறிவு’ என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கு ‘ஆறு கிண்ணம்’ மாதிரி விழுகிறது. வேறு ஏதாவது தோன்றுகிறதா?